தொடுவதற்கு முன் ஒரு கேள்வி

மருத்துவமனை நிர்வாகிகளுக்கும், மருத்துவ, செவிலியர் கல்விக்கான பாடத்திட்டங்களை வகுப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கு வணக்கம்.

31 ஆண்டுகள் வார்டுகளில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற நான் இந்த மடலை எழுதுகிறேன். ஒரு நாளில் எத்தனை பேருடைய உடலைத் தொட்டேன் என்று எண்ணிப் பார்த்ததே இல்லை. நாடி பிடிக்க, புரட்டிப் படுக்க வைக்க, ஊசி போட, புண்ணைக் கழுவ, உயிர் பிரிந்தபின் இமைகளை மூடிவிட என்று தொடுவதே பிழைப்பாகிவிட்டவர்களுக்கு அந்தக் கணக்கு தேவைப்படுவதில்லை. ஆனால் தொடப்படுகிறவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். யார் தொட்டது, எங்கே தொட்டது, கேட்டுவிட்டுத் தொட்டார்களா கேட்காமலே தொட்டார்களா என்பதெல்லாம், செய்த அறுவை சிகிச்சையின் பெயரும் சாப்பிட்ட மருந்தின் பெயரும் மறந்துபோன பிறகும் அவர்கள் நினைவில் நிற்கின்றன. எதிர்ப்பாலர் தம்மைத் தொடக்கூடாது, தலைமறைப்பை விலக்கக்கூடாது, முடியை வெட்டக்கூடாது என்று தம் சமய வழக்கத்தைக் கடைப்பிடிக்கும் நோயாளிகளைப் பற்றி உங்களிடம் சொல்ல எனக்குச் சில செய்திகள் உண்டு. அவற்றுள் முதலாவது நான் செய்த தவறு.

அன்று இரவு டூட்டி. நெஞ்சுவலி என்று ஒரு மூதாட்டியைச் சேர்த்திருந்தார்கள். ஈ.சி.ஜி. எடுக்க வந்த டெக்னீஷியன் ஓர் இளைஞர். மேலாடையை விலக்கச் சொன்னதும் அந்த அம்மாள் தம் முக்காட்டுத் துணியை இரண்டு கைகளாலும் மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, அயல் ஆண் தம்மை அப்படிப் பார்க்கக் கூடாது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். “இது ஆஸ்பத்திரி பாட்டி, இங்கே ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை” என்று சொல்லிக்கொண்டே அந்தத் துணியை விலக்கியது நான்தான். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கம்பிகளைப் பொருத்திக் கருவியை இயக்கியபோது, தாளில் வந்த கோடு முழுவதும் ரம்பப் பல் போல் நடுங்கியிருந்தது. விரல்கள் இறுகி, தோள் விறைத்து, உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்த அவருடைய தசைகளின் மின்துடிப்பையும் சேர்த்தே அந்தக் கருவி வரைந்திருந்தது. இதயத்தைப் பற்றி அந்தத் தாளில் படித்தறிய ஒன்றுமில்லை. மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று. இம்முறை டெக்னீஷியனைக் கருவியோடு திரைக்கு வெளியே நிறுத்திவிட்டு, போர்வைக்குள் கைவிட்டு, நெஞ்சில் ஒட்ட வேண்டிய ஆறு கம்பி முனைகளையும் நானே ஒட்டினேன். மார்பை நகர்த்த வேண்டிய இடத்தில் உள்ளங்கையால் பிடிக்காமல் புறங்கையால் மெல்ல உயர்த்த வேண்டும் என்பது நான் படித்த காலத்தில் கற்ற பாடம்தான்; வருடக்கணக்காக அதை மறந்திருந்தேன். எல்லாமாகச் சேர்த்து இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகியிருக்கும். கோடு தெளிவாக விழுந்தது.

வார்டில் இருந்த நான்கு நாளும் அந்த அம்மாள் என்னிடம் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. அடுத்த கட்டிலுக்கு வந்து போகிறவர்களிடம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

இப்படிப்பட்ட நேரங்களில் நாங்கள் கேஸ் ஷீட்டில் எழுதும் வாசகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: “நோயாளி ஒத்துழைக்கவில்லை.” அந்த இரவு நானும் அதைத்தான் எழுதினேன். ஒத்துழைக்காதது யார் என்று யோசிக்க அந்தத் தாளில் இடமில்லை. அவர் கேட்டது பரிசோதனை வேண்டாம் என்று அன்று. பரிசோதனையை எப்படிச் செய்யலாம் என்பதைத்தான். இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதிலிருந்தே வார்டுகளில் நடக்கும் பாதி மனத்தாங்கல்கள் தொடங்குகின்றன என்பது என் அனுபவம்.

சமய வழக்கம் என்றதும் மருத்துவத்துக்கு எதிரான ஏதோ ஒரு பிடிவாதம் நம் வாசலில் வந்து நிற்பதாக எண்ணிக்கொள்ளும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. ஒவ்வொரு சமயமும் நோயையும் உயிராபத்தையும் பற்றி என்ன சொல்கிறது என்று அறிந்துகொண்டால் அந்த எண்ணம் பெரும்பாலும் கரைந்துவிடும். யூத சமயத்தில் உயிரைக் காப்பது ஏறக்குறைய எல்லாக் கட்டளைகளையும்விட மேலானது. அதற்காக ஓய்வுநாள் விதிகளையும் மீறலாம், மீறவும் வேண்டும் என்பது அவர்களுடைய தெளிந்த நெறி. வாழ்க்கைத்துணை, நெருங்கிய உறவினர் தவிர்த்த எதிர்ப்பாலரைத் தொடுவதைத் தவிர்க்கும் கட்டுப்பாடான யூதர்களிடையேகூட, மருத்துவர் தம் தொழில் கடமையாகத் தொடுவதைப் அவர்களுடைய சமய குருமார்களான ரபிகளில் பெரும்பாலானோர் அனுமதிக்கிறார்கள். இஸ்லாமியச் சட்டத்தில், நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதையும் அனுமதிக்கப்பட்டதாக்கும் என்பது அடிப்படை விதிகளுள் ஒன்று. பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பார்ப்பது குறித்து 1993-இல் பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் (சமயச் சட்ட) அகாதமி வெளியிட்ட தீர்மானம் ஒரு வரிசையையே வகுத்திருக்கிறது: முதலில் முஸ்லிம் பெண் மருத்துவர், அவர் கிடைக்காவிட்டால் நம்பத்தகுந்த பிற சமயப் பெண் மருத்துவர், அவரும் இல்லாவிட்டால் முஸ்லிம் ஆண் மருத்துவர், கடைசியாகப் பிற சமய ஆண் மருத்துவர். அதனோடு, நோயைக் கண்டறியத் தேவையான அளவுக்கு மேல் உடலைத் திறக்கக்கூடாது என்றும், உடன் ஒருவர் இருக்க வேண்டும் என்றும் நிபந்தனைகள் உண்டு. இந்த வரிசையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். இதில் எங்கும் “சிகிச்சை வேண்டாம்” என்ற படி இல்லை. தேவைக்கு மேல் திறக்காதே, தனியே இருக்காதே என்ற இரண்டு நிபந்தனைகளும் நல்ல மருத்துவமனை எல்லா நோயாளிக்கும் தானாகவே கடைப்பிடிக்க வேண்டியவை.

தேரவாத பௌத்தத்தில் துறவிகளுக்கான ஒழுக்க விதிகளாகிய விநய நெறியில், காம எண்ணத்தோடு பெண்ணைத் தொடுவது பிக்குவுக்குக் கடுங்குற்றமாகச் சொல்லப்பட்டுள்ளது. அங்கே குற்றத்தின் வேர் எண்ணத்தில்தான் இருக்கிறது. எனினும் நடைமுறையில் பல பிக்குகள் எந்தத் தொடுதலையும் தவிர்க்கிறார்கள். ஒரு பெண் கொடுக்கும் பொருளைக்கூடக் கையால் வாங்காமல் ஒரு துணியை விரித்து அதன்மேல் வைக்கச் சொல்லி எடுத்துக்கொள்வார்கள். மருந்துக் கிண்ணத்தைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டால் முடிந்துபோகும் இந்தச் சிறு சங்கதி தெரியாத செவிலியருக்கு, நீட்டியதை அவர் கையில் வாங்காமல் இருப்பது அவமதிப்பாகத் தோன்றும். சமணத் துறவிகளும் எதிர்ப்பாலரைத் தொடுவதில்லை. அவர்கள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது நம்மைப் பற்றிய தீர்ப்பு அன்று. தம்மைப் பற்றி அவர்கள் எடுத்துக்கொண்ட உறுதி.

பிரசவ அறையில் இந்த அறியாமை இன்னும் கூர்மையாகப் புண்படுத்தும். கட்டுப்பாடான யூதத் தம்பதிகளிடையே, பிரசவத்தின் ஒரு கட்டத்துக்குப் பிறகு, குறிப்பாக உதிரப்போக்கு தொடங்கியபின், கணவன் மனைவியைத் தொடாமல் விலகி நிற்பது வழக்கம். அவர் தலைமாட்டில் நின்றோ, சுவரோரம் ஒதுங்கியோ, வாய்க்குள் தம் திருமறையின் சங்கீதப் பாடல்களை ஓதிக்கொண்டிருப்பார். வலியில் துடிக்கும் மனைவியின் கையைப் பிடிக்காத கல்நெஞ்சன் என்று அவரைப் பார்த்து முகம் சுளித்து, “கையைப் பிடியுங்கள்” என்று அதட்டுவதற்குப் பதிலாக, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு செவிலியரோ அவளுடைய தாயோ அருகில் இருப்பதுதான் அவர்கள் இருவரும் எதிர்பார்க்கும் உதவி. அந்த அறையில் ஒரு கை தேவைப்படுகிறது. அது யாருடைய கை என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை அவர்களிடம் விட்டுவிட்டால் போதும்.

உயிரா, சமயமா என்ற கேள்வி வார்டில் எழுவது மிக அரிது. 31 ஆண்டுகளில் நான் கண்டவற்றுள் பெரும்பாலானவை சமயத்துக்கும் எங்கள் சௌகரியத்துக்கும் இடையிலான இழுபறிகள். திரையை முழுவதும் இழுத்துவிட நேரமில்லை. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பெண் டாக்டரைக் கூப்பிட்டால் அவர் கோபித்துக்கொள்வார். போர்வையைப் பாதி விலக்கிப் பாதி மூடி வேலை செய்தால் கை சுணங்கும். இவைதான் காரணங்கள். இவற்றுக்கு நாங்கள் “மருத்துவத் தேவை” என்று பெயர் சூட்டிவிடுகிறோம்.

சில நேரங்களில் அந்தப் பெயரே பொய்யாகிவிடும். தலைமுடியையும் உடல்முடியையும் வெட்டாமல் காப்பது சீக்கியர்களின் சமயக் கடமை. அறுவை சிகிச்சைக்கு முன் அந்த இடத்தை வழித்துவிடுவது நெடுங்காலமாக எங்கள் வழக்கம்; தொற்றைத் தடுக்க அது அவசியம் என்று நம்பி எத்தனையோ பேரை இசைய வைத்திருக்கிறோம். ஆனால் 2016-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், முடியை நீக்காமல் விடுவதே நல்லது, நீக்கியே தீர வேண்டுமானால் கிளிப்பரால் மட்டும் வெட்டலாம், சவரம் செய்யவே கூடாது என்கிறது. சவரக்கத்தி தோலில் ஏற்படுத்தும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்தான் கிருமிக்கு வாசல் திறக்கின்றன. வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்ட நோயாளியின் பக்கம்தான் அறிவியலும் நின்றிருக்கிறது. நாங்கள்தான் பழக்கத்தின் பக்கம் நின்றோம். தாலி, பூணூல், சிலுவை, சீக்கியர்கள் கையில் அணியும் இரும்பு வளையமான கடா ஆகியவற்றைக் கழற்றச் சொல்வதிலும், தேவை எது, பழக்கம் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் போகக்கூடாது என்பது மாற்ற முடியாத விதி. கையில் தங்க மோதிரம் இருப்பவருக்கு அதன்மேல் டேப் சுற்றி ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புகிற நாங்கள், ஒரு நூற்கயிற்றை மட்டும் கத்தரித்துக் குப்பையில் போடுவதற்கு எந்த விதியும் காரணமில்லை.

கூச்சத்தை மதித்ததால் மருத்துவம் நட்டப்பட்டதில்லை என்பதற்கு உங்கள் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு சான்று தொங்குகிறது. 1816-இல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் ரெனே லென்னெக் என்ற மருத்துவரிடம் இதயநோய் அறிகுறிகளோடு ஓர் இளம்பெண் வந்தார். நோயாளியின் மார்பில் நேராகக் காதை வைத்துக் கேட்பது அக்காலத்து முறைகளுள் ஒன்று. அந்தப் பெண்ணின் வயதும் பாலினமும் கருதி அதைச் செய்வது முறையாகாது என்று நினைத்த லென்னெக், தாள்களைச் சுருட்டிக் குழலாக்கி, ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். நேராகக் காதை வைத்துக் கேட்டபோதெல்லாம் கேட்டதைவிடத் தெளிவாக இதயத்தின் ஒலி கேட்டது. 1819-இல் அதைப் பற்றி அவர் நூலே எழுதினார். அந்தத் தாள்குழல்தான் இன்றைய ஸ்டெதாஸ்கோப்பின் மூதாதை. அந்தப் பெண்ணின் தயக்கம் சமயத்திலிருந்து வந்ததா, சமூக வழக்கத்திலிருந்து வந்ததா என்று இன்று பிரித்துச் சொல்ல முடியாது. ஏன், தயங்கியது அந்தப் பெண்ணா மருத்துவரா என்பதுகூடத் திட்டமாகச் சொல்வதற்கில்லை. தயக்கத்துக்கு இடம்கொடுத்து வேறு வழி தேடியவருக்கு மேலான வழி கிடைத்தது என்பது மட்டும் உறுதி.

அண்மைக் காலத்திலும் அப்படி ஒன்று நடந்திருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் பரிசோதனைக்கு வராமலே இருந்துவிடும் பெண்களில் பலர், பிறர் தம்மை அவ்விடத்தில் தொடுவதை ஏற்க முடியாமல்தான் வராமலிருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், அந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸைக் கண்டறியும் பரிசோதனைக்கான மாதிரியைப் பெண் தாமே எடுத்துக் கொடுக்கலாம் என்கிறது. ஒரு சிறு பஞ்சுக்குச்சியும், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பொறுமையாகச் சொல்ல ஒரு செவிலியரும் இருந்தால் போதும். இத்தனை காலம் கதவுக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே வருவார்கள். இது கிடைக்கும் இடங்களிலும் அதை வாய்திறந்து சொல்லாமல் இருப்பதுதான் எனக்கு விளங்காத புதிர்.

மயக்க மருந்தின் கீழ் இருக்கும் நோயாளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே வழக்கத்தைக் காத்துக்கொள்ள அவருக்குக் கையும் இல்லை, குரலும் இல்லை. தியேட்டருக்குப் போகும் முன் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த ஒரு பெண், உள்ளே யார் யார் இருப்பார்கள், தன் உடலை எவ்வளவு திறப்பார்கள் என்று என்னைக் கேட்டார். ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “மயக்கம் கொடுத்துவிட்டால் உங்களுக்கு ஒன்றுமே தெரியாதம்மா” என்றேன். “அதனால்தான் இப்போதே கேட்கிறேன் சிஸ்டர்” என்றார். நான் கூடவே வருகிறேன், தேவையான இடம் தவிர மற்றதெல்லாம் மூடியிருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன், காப்பாற்றினேன். ஆனால் அன்று நான் அந்த ஷிஃப்டில் இல்லாமல் போயிருந்தால் அந்த வாக்கை யார் கொடுத்திருப்பார்கள் என்பது என் கேள்வி. பாடத்திட்டம் வகுப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று கேட்க வேண்டும். மயக்கத்தில் இருக்கும் நோயாளிகளின் அந்தரங்க உறுப்புகளை, அவர்களுடைய தெளிவான ஒப்புதலின்றி மாணவர்கள் பயிற்சிக்காகப் பரிசோதிப்பது பல நாடுகளில் நெடுங்காலம் நடந்துவந்தது. அமெரிக்காவில் 2024 ஏப்ரலில்தான், அத்தகைய பரிசோதனைகளுக்கு நோயாளியின் ஒப்புதலை முன்கூட்டியே பெற்றாக வேண்டும் என்று மருத்துவமனைகளுக்கு நடுவண் அரசின் நலத்துறை வழிகாட்டுதல் அனுப்பியது. தூங்குகிறவரிடம் கேட்காமல் எடுத்துக்கொண்ட தொடுதலில் தொழில் கற்ற மாணவர், விழித்திருப்பவரிடம் கேட்டுத் தொடப் பின்னாளில் எப்படிப் பழகுவார்?

இவ்வளவு சொல்வதால், நோயாளி கேட்கும் எதற்கும் மருத்துவமனை தலையாட்ட வேண்டும் என்பது என் கருத்து என்று கொள்ள வேண்டாம். எல்லைகள் உண்டு, அவற்றை வெளிப்படையாகச் சொல்வதுதான் இருதரப்புக்கும் நல்லது.

மூச்சு நின்றவருக்கு முன்னால் யார் நிற்கிறார்களோ அவர்தான் தொட வேண்டும். இதில் இரண்டாவது பேச்சில்லை. இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியின் பட்டைகளை வெறும் மார்பில்தான் ஒட்ட முடியும். வலது காரை எலும்புக்குக் கீழே ஒன்று, இடது அக்குளுக்குக் கீழே விலாவில் ஒன்று. ஒட்டியபின் மேலே ஒரு துணியைப் போர்த்துவதற்கு ஒரு நொடிதான் ஆகும், ஆனால் ஒட்டும் முன் ஒரு நொடியும் தயங்கக்கூடாது. சுயநினைவோடு, விளைவுகளைப் புரிந்துகொண்டு, “இவர் தொட வேண்டாம்” என்று வயதுவந்த ஒருவர் மறுத்தால், காத்திருப்பதன் ஆபத்தை மழுப்பாமல் சொல்லி, அவர் முடிவை எழுதிவைத்து, மாற்று ஏற்பாட்டுக்கு முயல்வதைத் தவிர வேறு வழியில்லை.

இரவில் பெண் மருத்துவர் இல்லை, ஆண் செவிலியர் இல்லை என்பதும் மறைக்க வேண்டிய செய்தி அன்று. இல்லை என்பதும் ஒரு பதில்தான். அதைச் சேர்க்கையின்போதே சொல்லிவிட்டால், நோயாளி தம் குருவிடமோ குடும்பத்தாரிடமோ கலந்து ஒரு முடிவுக்கு வர அவகாசம் கிடைக்கும். நள்ளிரவில் பரிசோதனை மேசையில் படுக்க வைத்தபின் சொன்னால் அது மிரட்டலாகத்தான் கேட்கும்.

இன்னோர் எல்லை இதைவிட முக்கியமானது. எதிர்ப்பாலர் தொட வேண்டாம் என்பது தன் உடலைப் பற்றிய ஒழுக்கம். இன்ன இனத்தவர், இன்ன நிறத்தவர், இன்ன பிறப்பினர் என்னைத் தொடக்கூடாது என்பது அடுத்தவரைப் பற்றிய இழிவு. இரண்டும் “தொடாதே” என்ற ஒரே சொல்லால் பேசப்படுவதால் ஒன்றின் நிழலில் மற்றொன்று ஒதுங்கிக்கொள்ளப் பார்க்கும். சமயம் என்ற போர்வையில் வந்தாலும் இரண்டாவதற்கு மருத்துவமனை இடம்கொடுக்கக்கூடாது. அந்த நேரத்தில் அவமதிக்கப்படும் ஊழியரின் பக்கம் நிர்வாகம் வந்து நிற்க வேண்டும். “நோயாளிதானே, விட்டுக்கொடுங்கள்” என்று அவரையே வேறு வார்டுக்கு மாற்றி அனுப்பும் தந்திரத்தை நான் பார்த்திருக்கிறேன்.

நோயாளிக்காகப் பேச வரும் உறவினரைப் பற்றியும் ஒரு சொல். “என் மனைவியை ஆண் டாக்டர் தொடக்கூடாது” என்று கணவர் சொல்லும்போது, அது மனைவியின் விருப்பமும்தானா என்று அவரிடமே, தனியே, அவருக்குப் புரியும் மொழியில் கேட்க வேண்டும். பல முறை ஆம் என்ற பதில் வரும். சில முறை, யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்ததைப் போல வேறொரு பதில் வரும். இதே காரணத்தால்தான் அந்தரங்கப் பரிசோதனையின்போது உடனிருப்பவராக உறவினரை மட்டும் நம்பக்கூடாது என்கிறேன். நோயாளி விரும்பினால் உறவினர் இருக்கட்டும். அவரோடு, பயிற்சிபெற்ற, எந்தப் பக்கமும் சாயாத ஒருவரும் இருப்பது நோயாளிக்கும் காப்பு, மருத்துவருக்கும் காப்பு. ஆண் செவிலியர்களும், மகப்பேறு பார்க்கும் ஆண் மருத்துவர்களும், ஒவ்வொரு மறுப்பையும் தம் நடத்தை மீதான சந்தேகமாக எடுத்துக்கொண்டு உள்ளுக்குள் குமைவதை அறிவேன். அது அவர்கள் மீதான தீர்ப்பு அன்று என்பதை மூத்தவர்கள் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஊழியர்களுக்கும் சமயம் உண்டு. இங்கிலாந்தில் 2007-இல் தொற்றுத் தடுப்புக்காக முழங்கைக்குக் கீழே உடையோ நகையோ கூடாது என்ற விதி வந்தபோது, கைகளை மூடும் வழக்கமுள்ள முஸ்லிம் பெண் ஊழியர்களுக்கும் கடா அணியும் சீக்கியர்களுக்கும் சிக்கல் எழுந்தது. 2010-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலில், முன்கையை மூடும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் உறையை முழங்கைக்குக் கீழே அணிந்துகொள்ளவும், கடாவைக் கைமேல் ஏற்றிப் பொருத்திக்கொள்ளவும் வழி செய்தார்கள். கைகழுவும் விதி ஓர் இழையும் தளரவில்லை. இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசினால் இவ்வளவுதான் விஷயம்.

இறந்தவர்களைப் பற்றி நாங்கள் இன்னும் குறைவாக யோசிக்கிறோம். உடலைத் தம் சமயத்தவர், அதுவும் ஒரே பாலினத்தவர், கழுவ வேண்டும் என்று முஸ்லிம்களும் யூதர்களும் எதிர்பார்க்கிறார்கள். அடக்கம் வரை உடலைத் தனியே விடாமல் ஒருவர் காத்திருப்பதும் யூதர்களின் வழக்கம். குழாய்களை அகற்றி, கண்களை மூடி, கையுறையோடு தொட்டு, ஒரு வெள்ளைத்துணியால் போர்த்தி, “மீதியை நீங்கள் செய்கிறீர்களா, நாங்கள் செய்யட்டுமா” என்று குடும்பத்தாரைக் கேட்பதற்குத் தனிப் பயிற்சி எதுவும் தேவையில்லை.

இனி நான் உங்களிடம் கேட்க வந்தது.

1948-இல் ஜெனீவாவில் ஏற்கப்பட்டு, 2017-இல் திருத்தப்பட்ட மருத்துவர் உறுதிமொழி, நோயாளியின் மாண்பையும் தன்முடிவையும் மதிப்பதாக மருத்துவரைச் சொல்ல வைக்கிறது. பட்டமளிப்பு மேடையில் எழுந்து நின்று சொல்லும் அந்த வரி, இரவு இரண்டு மணிக்கு வார்டில் யார் கையில் இருக்கிறது தெரியுமா? வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான ஒரு செவிலியரின் நல்ல மனத்தில் இருக்கிறது. அவருக்கு இரக்கம் இருந்தால் திரை இழுக்கப்படும். களைப்பாக இருந்தால் இழுக்கப்படாது. ஒரு மருத்துவமனை தன் கடமையைத் தன்னிடம் வேலை செய்யும் மிக இளையவரின் மனநிலையிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கக்கூடாது.

உங்கள் சேர்க்கைப் படிவத்தில் “மதம்” என்று ஒரு கட்டம் இருக்கும். அது உயிரோடு இருப்பவருக்கு ஒரு பயனும் தராத கட்டம். முக்காடு அணிந்த பெண்ணுக்கு ஆண் மருத்துவர் பார்ப்பதில் தயக்கமே இல்லாமல் இருக்கலாம். ஜீன்ஸ் அணிந்து வந்த பெண்ணுக்கு இருக்கலாம். எந்தச் சமயத்தையும் சாராத ஓர் ஆணுக்கும், தாம் மட்டுமே அறிந்த ஒரு காரணத்தால், யாரும் திடீரென்று தம் தலையைத் தொடுவது பொறுக்காமல் இருக்கலாம். பெயரையும் உடையையும் பார்த்து ஊகிக்கும் வேலையை எங்களுக்கு வைக்காதீர்கள். எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “உங்களைப் பரிசோதிக்கும்போதோ பராமரிக்கும்போதோ, தொடுவது குறித்தோ உடை விலக்குவது குறித்தோ நாங்கள் கடைப்பிடிக்க வேண்டிய வழக்கமோ விருப்பமோ உண்டா?” ஒவ்வாமை என்ன என்று கேட்பதுபோல் கேளுங்கள். பதிலைச் சேர்க்கை மேசையோடு விட்டுவிடாமல், கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில், ஷிஃப்ட் மாற்றும்போது வாய்விட்டுப் படிக்கும் குறிப்புகளோடு சேர்த்து எழுதுங்கள். ஸ்கேன் அறைக்கும் தியேட்டருக்கும் அந்தத் தாளோடு அந்தப் பதிலும் போகட்டும். “ஒத்துழைக்கவில்லை” என்று எழுதுவதற்கு முன் அந்தப் பதிலைப் படித்தாரா என்று ஊழியரைக் கேட்கும் பொறுப்பை வார்டு பொறுப்பாளருக்குக் கொடுங்கள். மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வில் கைகழுவியதற்கு மதிப்பெண் உண்டு. கேட்டுவிட்டுத் தொட்டதற்கும் ஒரு மதிப்பெண் வையுங்கள், அடுத்த ஆண்டே எல்லோரும் கேட்பார்கள்.

படிவத்தில் இடமில்லை என்ற பதில் வரக்கூடும் என்பதால், நான் பணியாற்றிய காலத்துப் படிவம் ஒன்றை எடுத்துவைத்துப் பார்த்தேன். இரத்த வகைக்கும் ஒவ்வாமைக்கும் நடுவே, யாரும் எதையும் எழுதாமல் விடும் இரண்டு வரி அளவு வெற்றிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்